அளவு தப்பு

“யாரைக் கேட்டு ரோட்டுல கோடு போட்டீங்க?”

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கத்தினார் இன்ஜினீயர்.

ஸ்கூல் வாசலில் ரோட்டின் குறுக்கே ஏழு வெள்ளைக் கோடுகள். பிள்ளைகள் கடப்பதற்காக நேற்றுத்தான் தெருக்காரர்களே போட்டது. ஒரு வருஷமாக மனு கொடுத்தும் எட்டிப் பார்க்காத ஜீப், கோடு போட்ட மறுநாளே வந்து நிற்கிறது. என்ன சுறுசுறுப்பு!

“யாரை சார் கேக்கணும்?” தையல்கடைக்கார அக்கா அளவு நோட்டும் கையுமாக ஓடி வந்தாள். “மூணு மனு கொடுத்தோம். மூணுக்கும் ‘ஆவன செய்யப்படும்’னு பதில். அதுக்குள்ள பைக் இடிச்சு என் பொண்ணு கால்ல மாவுக்கட்டு. அடுத்தது யார் பிள்ளைன்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா?”

மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டேப்பை உருவிக்கொண்டு குனிந்தார்.

“அகலம் நாப்பது சென்டிமீட்டர். தப்பு. அம்பது இருக்கணும். எழுதிக்கோங்க.”

“நானா?”

“இடைவெளியும் அம்பது. எழுதுங்கம்மா!”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறவள். அவளுக்கே அளவு சொல்கிறாராம்! பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டில் கிறுக்கினாள்.

“இது வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட். மழை பெஞ்சா வழுக்கும். ரோட்டுக்குன்னு தனி பெயின்ட் விக்குது. அப்புறம், வண்டி நிக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கோடு வேணும். அது எங்க?”

“அழிக்கத்தானே சார் வந்திருக்கீங்க?” பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் வெடித்தான். “அழிச்சிட்டுப் போங்க. எதுக்கு இத்தனை நொட்டை சொல்றீங்க?”

“அளவு தப்பான கோட்டை அழிக்கணும்னு உத்தரவு.” நோட்டீஸை அவன் கையில் திணித்தார். “திங்கக்கிழமை காலையில மிஷினோட வருவேன்.”

அக்கா நோட்டை ரோட்டில் வீசினாள்.

“நீங்கல்லாம் பிள்ளை பெத்தவங்கதானா சார்?”

இன்ஜினீயர் குனிந்தார். நோட்டை எடுத்துத் தூசி தட்டி, அவள் கையிலேயே கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அளவு சரியா இருக்கிற கோட்டை அழிக்க எனக்கு உத்தரவு இல்லைம்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நடுவுல ரெண்டு நாள் இருக்கு.”