எட்டு என்று வெட்டிய கல்

‘இந்த ஊரிலிருந்து தாமாகவே பெயர் கொடுத்துக் காலாட்படையில் சேர்ந்து போருக்குப் போனவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் உயிர் துறந்தவர்கள் எட்டுப் பேர்.’ சாவடி முன்னால் நட்ட கல்லில் இவ்வளவுதான் இருந்தது, பெயர்கள் இல்லை. திரும்பி வந்தவர்கள் முப்பத்துமூன்று பேர். ஊர் எல்லையில் ஆரத்தியோடு நின்ற பெண்களில் பாவாயி மட்டும் தட்டு நீரைக் கொட்டாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அவள் கணவன் சென்னிமலை செத்தவர்களிலும் இல்லை, வந்தவர்களிலும் இல்லை.

மூன்று வருடம் பொறுத்துப் பார்த்த மணியக்காரர், “தாலியக் கழட்டிப்போட்டுக் காரியத்தப் பண்ணு, பாவாயி” என்றார்.

“கல்லுல எட்டுன்னுதானுங்க இருக்குது. ஒம்பதுன்னு மாத்தி வெட்டுங்க, கழட்டறேன்.”

மறுவாரமே மணியக்காரர் கல்தச்சனைக் கூட்டிவந்துவிட்டார். ஊரே கூடியது. போய்வந்தவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். பாவாயி குளித்து, மஞ்சள் பூசி வந்திருந்தாள். எண்ணின் மேல் உளி படப்போகும்போது கல்தச்சன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அழவில்லை.

“வெட்டுனா அப்பறம் அழிக்க முடியாதுங்க. அவரு செத்ததக் கண்ணால பாத்தவங்க வந்து வெட்டட்டும்.”

உளியை நீட்டியபடி முன்வரிசையை ஒவ்வொருவராகக் கடந்தாள். எல்லோரும் உளியையே பார்த்தார்கள். சென்னிமலையோடு ஒரே நாளில் பெயர் கொடுத்த நாச்சிமுத்து மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாவாயி அவன் முன்னாலேயே நின்றாள். நீட்டிய கை இறங்கவில்லை.