ஈரச் சீருடை

அணுமின் நிலையத்தில் சைரன் ஒலித்ததிலிருந்து தெருவே மூட்டை முடிச்சுடன் வாசலில் நிற்கிறது. "கசிவு எதுவும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் மறுபடியும் சொல்லிக்கொண்டு போகிறது. ஒருவரும் பையை உள்ளே எடுத்துப் போகவில்லை. எல்லார் கண்ணும் எதிர்வீட்டு மாடியில் இருக்கிறது. நிலையத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியரின் குடும்பம் அங்கேதான் குடியிருக்கிறது. ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. "அவங்க எப்பவோ கம்பி நீட்டியிருப்பாங்க" என்று முணுமுணுத்தபடி தையல்காரர் தன் மிஷினை வாடகை வேனில் ஏற்றுகிறார். அவர் மனைவி தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்கிறாள். அப்போது மாடிக் கதவு கிறீச்சிடுகிறது. இன்ஜினியரின் மனைவி வாளியோடு வந்து, ஒரு சின்ன வெள்ளைச் சட்டையை எடுத்துப் படாரென்று உதறுகிறாள். தெறிக்கும் துளிகளில் வெயில் மின்னுகிறது. சட்டைக்கு அடுத்து நீல டவுசர், அப்புறம் சாக்ஸ். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற துணிகள். பல்லில் கடித்திருக்கும் கிளிப்பை எடுத்துக் கொடியில் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக மாட்டுகிறாள். தெருவே அண்ணாந்து பார்க்கிறது. கடைசி சாக்ஸை மாட்டியபின் கீழே எட்டிப் பார்க்கிறாள். "என்னக்கா, சாமானெல்லாம் வெளிய கிடக்கு?" தையல்காரரின் மனைவி கணவனைப் பார்க்கிறாள், பிறகு மாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுல ஒட்டடை அடிக்கிறோம்." தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேன்காரரிடம் திரும்புகிறார். "அதான் அடிச்சாச்சுல்ல, அந்தப் பக்கம் பிடிங்க. மிஷின இறக்கி வீட்டுக்குள்ள வைக்கணும்."