ரோஸ் வந்துடுச்சு

"ரோஸ் வந்துடுச்சு! லாய்ட், ரோஸ் வந்துடுச்சு!"

கேரவனுக்குள்ளிருந்து ட்வைலா போட்ட சத்தத்தில், பைன் மரத்து உச்சியில் இருந்த இரண்டு காகங்கள் ஏரிப் பக்கம் பறந்தன.

வெளியே மண்டியிட்டுக் கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் லாய்ட், "எந்தக் குழாய்ல?" என்று கத்தினான்.

"சமையல் குழாய்ல! ஐயோ, பாத்ரூம்லயும்! வந்து பாரேன், சர்பத் மாதிரி கொட்டுது!"

அவன் பம்பைப் போட்டுவிட்டு ஓடினான். இருவரும் தலையோடு தலை இடித்துக்கொண்டு கழிவறைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேரவன்களை நிறுத்தித் தங்கும் அந்த ஏரிக்கரை விடுமுறை முகாமின் உரிமையாளர் எர்னா கையில் ஒரு படிவத்தோடு வாசலில் நின்றிருந்தார். எழுபது வயது. கம்பளித் தொப்பிக்குக் கீழே ஆச்சரியம் தாங்காத முகம்.

"இந்த மாசத்துல எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரிதான் வண்டியைப் பூட்டிட்டுப் போவாங்க. நீங்க என்னடான்னா கல்யாண வீடு மாதிரி கூத்தடிக்கிறீங்களே!"

அக்டோபர் பாதி முடிந்துவிட்டது. நாளை முகாமை மூடினால் மே மாதம்தான் திறப்பார்கள். அதுவரை கேரவனை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள், குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது. உறைந்தால் குழாய் வெடித்துவிடும். பனியிலும் உறையாத ரோஸ் நிறத் திரவத்தை எல்லாக் குழாயிலும் ஏற்றிவிட வேண்டும்.

மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலை. இவர்களுக்குக் காலையிலிருந்து இழுத்தது.

"அஞ்சு கோடையா வர்றீங்க. இதுகூடவா தெரியாது?" என்றார் எர்னா.

"நாங்கதான் வருஷா வருஷம் வண்டியை இழுத்துக்கிட்டே போயிடுவோமே, எர்னாம்மா" என்றாள் ட்வைலா.

"ஆமா, ஆமா. தெற்கே, பனி இல்லாத ஊருக்கு. குடுத்து வெச்சவங்க."

ட்வைலா அலமாரியைக் காலி செய்யப் போய்விட்டாள்.

எலிக்கு எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று பாட்டிலின் அடியில் இருந்த மேப்பிள் பாகை ஆளுக்கொரு கரண்டி குடித்தார்கள். எர்னாவுக்கும் ஒரு கரண்டி. மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போட்டார்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தும் முன் ட்வைலா அதன் மேல் ஒருமுறை குதித்தாள். நாற்பத்தாறு வயது.

தார்ப்பாயை விரித்தபோது ஏரிக்காற்று அதை அப்படியே தூக்கி லாய்டின் தலையில் கவிழ்த்தது. உள்ளே கைகால் அடித்துக்கொண்டு கிடந்தவனை வெளியே இழுக்கவும் தெம்பில்லாமல், ட்வைலா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கடைசிக் கயிற்றையும் கட்டியாயிற்று. எர்னா படிவத்தை நீட்டினார். வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிரப்ப வேண்டியது.

ட்வைலா பெயர் எழுதினாள். மனை எண் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

குளிர்காலத்தில் தங்கும் விலாசம்.

"ஃப்ளோரிடாவா? அதையே எழுது" என்றார் எர்னா.

"ஃப்ளோரிடாவை நாங்க கண்ணால பார்த்ததில்ல, எர்னாம்மா."

தெற்கே என்றால் நாற்பது மைல் தெற்கே. லாய்ட் வேலை பார்க்கும் மர அறுவை மில்லின் பின்புறம். சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, காலடியில் ஹீட்டரை வைத்துக்கொண்டு, இதே கேரவனுக்குள் ஐந்து குளிர்காலம்.

அதை விட்டுவிட்டுப் போய்த் தங்க அவர்களுக்கு வேறு இடம் இருந்ததில்லை.

எர்னா காற்றில் படபடத்த படிவத்தின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"லாய்ட், நம்ம வீட்டு நம்பர் என்ன?"

"நானூத்திப் பதினொண்ணு. இல்ல, பதிமூணு. இரு, இரு."

சட்டைப் பையிலிருந்து புதுச் சாவியை எடுத்து, அதில் தொங்கிய அட்டையைப் பார்த்துப் படித்தான். போன வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்த சாவி. இஷ்பெமிங் ஊரில் இரண்டு அறை வீடு.

ட்வைலா பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். விலாசம் கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

எர்னா படிவத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

"அப்போ, இனிமே இந்தப் பக்கம் வர மாட்டீங்க?"

"வராம?" என்றாள் ட்வைலா. "மே மாசம் வருவோம். எல்லாரையும் மாதிரி லீவுக்கு வருவோம்!"