முசல்லாவின் ஓரம்

"முசல்லாவில இன்னொருக்கா முடி கிடந்தா இந்தப் பூனைய ஓட்டமாவடியில தங்கச்சிர வீட்ட உட்டிருவன்" என்று ஹமீட் தன் தொழுகை விரிப்பைக் காட்டிச் சொல்லியிருந்தார். அதனால் மனைவி நிஸ்மியா தினமும் அஸர் தொழுகைக்கு முன், உறுமும் கறுப்புப் பூனை கறுவலைத் துவாயில் சுற்றி, மடியில் அமுக்கிச் சீவினாள்.

இன்று முசல்லாவின் ஓரத்தில் முடி கிடந்தது. அத்தனையும் வெள்ளை.

"இஞ்ச பாருங்க, இது கறுவல்ட இல்ல" என்று சீப்பைக் காட்டினாள். அதில் கறுப்பு முடி மட்டுமே இருந்தது.

ஹமீட் குனிந்து ஒரு முடியை எடுத்துப் பார்த்தார். அவர் தொழும்போதெல்லாம் அந்த ஓரத்தில் படுத்துக்கிடந்த வெள்ளைப் பூனையை, போன மாரிக்கு முன் அவரேதான் எலுமிச்சையடியில் புதைத்தார்.

"கறுவல் இஞ்சயே இரிக்கட்டும் புள்ள" என்றார். பிறகு ஓரத்தை விட்டுத் தள்ளி நின்று தொழுதார்.

கறுவல் அந்த ஓரத்தில் போய்ப் படுத்துக் கண்ணை மூடியது. சீப்புக்கு அடங்காத அதன் கழுத்து முடி, இன்னொரு பூனை நக்கிவிடுவதுபோல மெல்ல மெல்ல ஈரமாகி, ஒரே பக்கமாகப் படிந்தது.