தாசில்தாருக்குப் போட்ட ஊசி

யார் வந்தாலும் எழுந்து நிற்காது என்பதால் எங்கள் நாய்க்குத் தாசில்தார் என்று பெயர். மேகமலை எஸ்டேட்டில் முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய், வாயெல்லாம் முள் வாங்கி வந்திருந்தது. "வாடா, ஜீப்புல ஊர் சுத்திட்டு வரலாம்" என்று ஏமாற்றித்தான் சின்னமனூருக்குக் கூட்டிப்போனேன். என் பொய்யை நம்புகிற ஒரே ஜீவன் அதுதான்.

கால்நடை டாக்டர் ஜெனிபர் இரண்டு மருந்துகளை ஒரே ஊசியில் ஏற்றினார். "ஒண்ணு தூங்க வைக்கும், இன்னொண்ணு வலி தெரியாமப் பண்ணும். நல்லா அமுக்கிப் பிடிங்கண்ணே."

பிடித்தேன். "ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல" என்றும் சொன்னேன். கண் செருகும்வரை அது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தது. நான் சுவரிலிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

முள்ளெல்லாம் எடுத்துவிட்டு, ஊசி போட்ட முன்னங்காலில் பச்சை பிளாஸ்திரி ஒட்டினார். மயக்கம் தெளியாத நாயைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஜீப்பில் மலையேறினேன். வழியெல்லாம் குறட்டை விட்டது.

வாசலிலேயே என் மனைவி நாகஜோதி பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்கே! ஊசி போட்ட சீவன நடக்க விட்டுட்டு நீங்க மட்டும் ஜீப்புல வாரீகளாக்கும்? அது அப்பவே வந்து கட்டிலுக்கடியில படுத்திருச்சு. கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குது."

தோளில் நாயோடு உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். தாசில்தார்தான். முன்னங்காலில் பச்சை பிளாஸ்திரி. வாயில் ஒரு முள்கூட இல்லை. என்னைப் பார்த்து முதன்முறையாக உறுமியது.

"டேய், நான்தான்டா" என்றேன். அது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

என் தோளில், போர்வைக்குள், வால் ஆடியது.