நாகதாளியில் கரி

"அண்ணை, என்ர படத்தில ஆரோ கரி அப்பிப் போட்டினம்!"

வினோஜா குகதாசனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

கிளிநொச்சியில் குகதாசன் கட்டிய புது மாடிக் கட்டடத்தின் சுவரில்தான் அந்தப் படம். கட்டாரில் உழைத்துவிட்டு வந்த மனிதர், பாலைவனத்தில் ஆட்கள் தின்கிற செடிகளைத்தான் அதில் படமாகக் கீற வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். கம்பஸில் ஓவியம் படித்து முடித்த வினோஜாவுக்கு இதுதான் முதல் வேலை. பிடித்துப்போனால் வவுனியாக் கட்டடத்தையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஈச்சையும் கற்றாழையும் முடிந்து, நேற்றுத்தான் நாகதாளிக் கள்ளி கீறினாள். சிவப்புச் சிவப்பாகப் பழங்கள். அதில் கொழுத்த பழத்தின் மேல் எண்ணெயில் குழைத்த கரி. பதற்றத்தில் அவள் துணியால் துடைக்கப்போக, அது இன்னும் பரவிவிட்டது.

கீழே, ஏறி நிற்கப் போட்ட ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதிலும் கரி. பக்கத்துத் தேத்தண்ணிக் கொட்டில் இராசமலருடைய கதிரை.

வேறு யார் செய்வார்கள்? வந்த நாளிலிருந்தே அவாவுக்கு முணுமுணுப்பு. "நெல்லு விளையிற ஊரில கள்ளிச்செடி கீறுறாவாம். வழியில ஏணியை வைச்சு என்ர யாவாரமும் போச்சு. பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த உசரத்தில என்ன வேலை?"

கரி படிந்த கதிரையைக் கண்ட குகதாசன், மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னமே இராசமலரைப் பார்த்துக் கத்தினார்.

"உங்களுக்கு இடம் தந்தது என்ர பிழை அக்கா! இண்டைக்கே கொட்டிலைக் கழட்டுங்கோ!"

வினோஜா இடையில் வந்து நின்றாள். கொட்டிலைக் கழட்டச் சொல்லி அவள் கேட்கவில்லையே!

"அன்ரி, நீங்களோ பூசினது?"

"ஓம், நான்தான்." இராசமலர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"ஏன் அன்ரி?"

"நேற்று றோட்டு முழுக்கச் சனம். பஸ்ஸில போனதுகளும் தலையை வெளியில நீட்டிப் பாத்ததுகள். 'என்ன வடிவு! ஒரு பெட்டை தனியக் கீறுறாளாம்' எண்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டதுகள். எனக்கு நெஞ்சு பதறிச்சு. கண்ணூறு படக்கூடாதெண்டு ஒரு பொட்டு வைச்சனான். நீ ஏன் அதைத் தேச்சு இழுத்தனி?"

குகதாசனுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"படத்துக்கும் கண்ணூறோ அக்கா?"

"படமோ ஏணியில இருந்து விழப்போகுது?" இராசமலர் தேத்தண்ணியை வினோஜாவின் பக்கம் தள்ளினா. "பிள்ளையின்ர கன்னத்தில வைக்கத்தான் கரி குழைச்சனான். படிச்சவள் விடுவாளோ? அதுதான் அவள் கீறினதில வைச்சனான்."