லி யிங் வரவில்லையா

கதவைத் திறந்த ஏஜெண்ட் அவளைத் தாண்டி லிஃப்டைப் பார்த்தான்.

"மிஸ் லி யிங் வரலையா?" சீனத்தில் கேட்டான்.

"நான்தான்." அவளும் சீனத்திலேயே சொன்னாள்.

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

புவனேஸ்வரி என்று சொல்ல வராமல், சீனப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியை அவளுக்கு வைத்த பெயர் அது. முப்பது வருடம் கழித்து வீடு தேடும்போதுதான் பயன்பட்டது. புவனேஸ்வரி என்றால் தொலைபேசியிலேயே வீடு போய்விடும். லி யிங் என்றால் வாசல் வரைக்குமாவது வரலாம்.

இது ஏழாவது வாசல்.

இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். காலி செய்ய இன்னும் ஒன்பது நாள்.

இரும்புக் கிராதிக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மாள் வந்து நின்றாள். அவளையும், பக்கத்தில் நின்ற அவள் கணவனையும் பார்த்தாள். ஏஜெண்டிடம் சீனத்தில் சொன்னாள்.

இவர்கள் தாளிக்கிற வாடை பத்து வருடம் ஆனாலும் சுவரை விட்டுப் போகாது.

சொல்லும்போதே மூக்கின் முன்னால் கையை விசிறிக்கொண்டாள்.

ஏஜெண்டின் காது சிவந்தது. வீடு காலையில்தான் வேறு ஆளுக்குப் போயிற்று என்று மலாயில் சொன்னான்.

அவள் திரும்பினாள். அவள் கணவன் கழற்றிய செருப்பைக் குனிந்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சீனம் தெரியாது. அந்த மட்டில் நல்லது.

லிஃப்டில் கேட்டான்.

"என்னா சொல்லுச்சு அந்தம்மா?"

"சமையலறை ரொம்பச் சின்னதாம். நமக்குப் பத்தாதாம்."

"நம்ம மேல என்னா அக்கறை, பாரேன்."

அவள் சிரித்து வைத்தாள்.

ஏழு வீட்டுக்கும் அவனிடம் ஏழு காரணம் சொல்லியாயிற்று. தண்ணீர் சரியில்லை. லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். வீட்டுக்காரர் மகன் திரும்பி வருகிறான். வீட்டைவிடக் காரணம் கிடைப்பதுதான் இப்போது சிரமம்.

பதினெட்டு மாடி இறங்க வேண்டும். அவள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு. பதினொன்று.

கண்ணாடியில் அவன் தெரிந்தான். சட்டைக் கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனான்.

முகர்ந்தான்.

கையைக் கீழே விட்டான்.

வயிறு எரிகிறது, தாளிக்காதே என்று அவன் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து வெறும் ரொட்டியும் மைலோ பானமும்தான். இன்று காலையும் அதுதான். அவளும் நம்பி மாத்திரை வாங்கி வைத்திருந்தாள்.

முதல் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் மூன்று வாரத்துக்கு முன்னால்தான். அங்கேயும் வீட்டுக்காரி மூக்கின் முன்னால் கையை விசிறியிருந்தாள்.

அன்றைக்கு இரவிலிருந்துதான் ரொட்டி.

கீழே வந்தார்கள். காரில் ஏறினார்கள். செராஸ் சாலை நெடுக கார்கள் நகராமல் நின்றன.

சந்தை முனை வந்தது.

"நிப்பாட்டுங்க. கருவேப்பிலை வாங்கணும்."

"எனக்கு வயிறு..."

அவள் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் காரை ஓரங்கட்டினான்.

"கடுகு இருக்குல்ல?" என்றான்.